தக்காளிக் கூழ் காய்ச்சும் அறையில் சேரும் நீராவியை வெளியேற்றுவது எப்படி?

மாரண்டஅள்ளித் தோட்டம் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் தோட்டத்தில் விளையும் தக்காளியைப் பாலக்கோடு சந்தைக்கும் இராயக்கோட்டைச் சந்தைக்கும் அனுப்பி வருகிறோம். விலை விழுந்த நாள்களில் பறிகூலியும் வண்டி வாடகையும்கூடத் தேறாமல் போவதால், அப்படி மிஞ்சும் பழத்தை வீட்டிலேயே கூழாகக் காய்ச்சிப் புட்டியில் அடைத்து, தெரிந்த உணவகங்களுக்குக் கொடுக்கத் தொடங்கியிருக்கிறேன். முதலில் புறக்கடையில் விறகு அடுப்பில்தான் காய்ச்சினோம். ஈயும் தூசியும் சாம்பலும் விழுவதோடு, ஐப்பசி மழையில் அடுப்பே எரியாமல் போனதால், தானியம் வைத்திருந்த அறையைக் காலி செய்து, தலா 3 கிலோவாட் கொண்ட இரண்டு இண்டக்ஷன் அடுப்புகளை வைத்து, 25 லிட்டர் கொள்ளும் இரண்டு எவர்சில்வர் அண்டாக்களில் காய்ச்சுகிறேன்.

அறை 10 அடிக்கு 12 அடி. உயரம் 10 அடி. மேலே கான்கிரீட் தளம். ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 40 லிட்டர் சாறு ஊற்றினால், நான்கு மணி நேரம் கொதித்து 15 லிட்டர் கூழாக வற்றுகிறது. மீதி 25 லிட்டரும் ஆவியாக அறைக்குள்தான் போகிறது என்பதை, தளத்திலிருந்து என் தலைமேல் சொட்டுச் சொட்டாக விழத் தொடங்கிய பிறகே உணர்ந்தேன். இரண்டே மாதத்தில் சுவரில் அடித்த சுண்ணாம்பு பொருக்குப் பொருக்காக உரிந்துவிட்டது. மூலைகளில் கறுப்பாகப் பூசணம் பிடித்திருக்கிறது. சொட்டும் நீர் அண்டாவுக்குள்ளும் விழுமோ என்னும் அருவருப்பில், சென்ற வாரம் ஒரு சுற்றுக் கூழை அப்படியே மாட்டுக்கு ஊற்றிவிட்டேன்.

சன்னலில் 9 அங்குல பிளாஸ்டிக் எக்ஸாஸ்ட் விசிறி ஒன்றைப் பொருத்தியிருக்கிறேன். மணிக்கு 600 கன மீட்டர் காற்றை இழுக்கும் என்று அதன் பெட்டியில் அச்சிட்டிருக்கிறது. விற்றவரும் இந்த அறைக்கு இதுவே அதிகம் என்றார். ஆனால், விசிறி ஓடும்போதும் ஓடாதபோதும் அறை ஒரே மாதிரிதான் இருக்கிறது. இன்னும் பெரிய விசிறி வாங்க வேண்டுமா, அல்லது வேறு ஏதேனும் தவறு இருக்கிறதா என்பதை அனுபவமுள்ளவர்கள் தெரிவித்தால் நன்றியுடையவளாக இருப்பேன்.


ஓசூர்ப் பட்டறை எழுதியது:

வணக்கம், அம்மா. ஓசூர்த் தொழிற்பேட்டையில் காற்றுக் குழாய்களும் ஆவிக் கூண்டுகளும் செய்து பொருத்தும் வேலையில் பல ஆண்டுகள் கழித்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். பெரிய விசிறி வாங்குவதற்கு முன், இப்போதுள்ள விசிறி எதை இழுக்கிறது என்று பாருங்கள். சன்னலுக்கும் கதவுக்கும் இடையில் ஓர் ஊதுவத்தியை ஏற்றிப் பிடித்தால், அதன் புகை கதவிலிருந்து நேராகச் சன்னலுக்குப் போவதைக் காண்பீர்கள் என்று நினைக்கிறேன். ஆவியோ அண்டாவிலிருந்து நேராக மேலெழுந்து, தளத்தில் முட்டி, நான்கு பக்கமும் பரவிச் சுவரில் படிந்துவிடுகிறது. விசிறி உழைக்கிறது, ஆனால், கதவு வழியாக வரும் உலர்ந்த காற்றை வெளியேற்றுவதற்கே உழைக்கிறது.

எவ்வளவு ஆவி என்பதை முதலில் கணக்கிட்டுக்கொள்வோம். கொதிநிலையில் உள்ள 1 கிலோ நீரை ஆவியாக்க ஏறத்தாழ 2,257 கிலோஜூல் வேண்டும். அதாவது, 1 கிலோவாட் வெப்பம் ஒரு மணி நேரத்தில் 1.6 கிலோ நீரை ஆவியாக்கும். உங்கள் 6 கிலோவாட்டில் அடுப்பின் இழப்பு போக 5 கிலோவாட் அண்டாவுக்குள் சேர்கிறது என்று கொண்டால், மணிக்கு 8 கிலோ ஆவி எழும். உங்கள் அறையின் கொள்ளளவு 34 கன மீட்டர். 27 பாகை வெப்பமும் 60 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள நாளில், அந்த முழு அறைக் காற்றும் கூடுதலாக ஏற்கக்கூடிய ஈரம் ஏறத்தாழ 350 கிராம்தான். ஆகவே, கொதி வந்த மூன்றாவது நிமிடத்திலேயே அறைக் காற்று நிறைந்துவிடுகிறது. அதன்பின் எழுவதெல்லாம் எங்காவது நீராகப் படிந்தே ஆக வேண்டும். அறையில் மிகக் குளிர்ந்த பரப்பாகிய உங்கள் கான்கிரீட் தளம் அதற்கு வாகாக அமைந்துவிட்டது.

8 கிலோ ஆவியின் கன அளவு மணிக்கு 14 கன மீட்டருக்கு மேல் போகாது. அதற்கு 600 கன மீட்டர் விசிறி போதாதா என்று கேட்கத் தோன்றும். ஆவியைத் தூய ஆவியாகவே இழுத்துச் செல்ல முடிந்தால் போதும்தான். ஆனால், திறந்த அண்டாவின்மேல் அது அறைக் காற்றோடு கலந்துதான் போகும். அப்படிக் கலந்த காற்று குழாயிலேயே நீராகிவிடாமல் வெளியே போய்ச்சேர வேண்டுமானால், ஆவியைத் தாங்கும் அளவுக்குக் காற்றும் உடன் செல்ல வேண்டும். நான் போட்டுப் பார்த்த கணக்கின்படி, 25 பாகையும் 60 விழுக்காடு ஈரமும் உள்ள சாதாரண நாளில் மணிக்கு 700 கன மீட்டர் வேண்டும். சித்திரை வெயிலில் 32 பாகையும் 45 விழுக்காடு ஈரமும் இருந்தால் 320 கன மீட்டரே போதும். ஐப்பசி மழையில் 22 பாகையும் 85 விழுக்காடு ஈரமும் இருக்கும் நாளில் 2,000 கன மீட்டரையும் தாண்டும். மழைநாளுக்கு ஏற்ற விசிறியை வாங்கினால் ஆண்டு முழுவதும் அதன் இரைச்சலோடு வாழ வேண்டும் என்பதால், 800 கன மீட்டரை உண்மையாகவே இழுக்கும் ஏற்பாட்டைச் செய்துகொண்டு, மழைநாளில் கூண்டிலும் குழாயிலும் படியும் நீருக்கு வடிகால் அமைத்துவிடுவதே அறிவுடைமை.

அண்டாக்களைச் சுவரோரமாகத் தள்ளி வைத்து, அவற்றின்மேல் ஆவியைப் பிடிக்கும் குடைபோன்ற கூண்டு ஒன்றை எவர்சில்வர் தகட்டில் அமையுங்கள். இரண்டு அண்டாக்களையும் சேர்த்து மூடியபின் ஒவ்வொரு பக்கமும் அரை அடியாவது வெளியே நீண்டிருக்க வேண்டும். ஆகவே, 5 அடி நீளமும் இரண்டே முக்கால் அடி அகலமும் வேண்டியிருக்கும். அண்டாவின் வாயிலிருந்து கூண்டின் விளிம்பு இரண்டு, இரண்டரை அடி உயரத்தில் இருந்தால் கிளறுவதற்குத் தடை இராது. பின்புறம் சுவர் இருக்கிறது. இரு பக்கங்களிலும் தகடோ, கனத்த பிளாஸ்டிக் திரையோ அடுப்பு மேடை வரை தொங்கவிட்டால், காற்று முன்பக்கம் வழியாக மட்டுமே நுழையும். பக்கத்தை மூடாமல் விசிறியை இரட்டிப்பாக்குவதைவிட, பக்கத்தை மூடிவிட்டு இருக்கும் விசிறியையே ஓட்டுவது பல இடங்களில் நல்ல பலன் தந்ததைக் கண்டிருக்கிறேன்.

கூண்டின் உள்விளிம்பு முழுவதும் ஓர் அங்குல அகலத்தில், நீர் ஓடும் சிறு வாய்க்கால்போல், காடி மடித்து, அதன் தாழ்ந்த மூலையில் சிறு குழாய் வைத்து, நீரை ஒரு வாளியில் விழச் செய்யுங்கள். கூண்டின் கூரை தட்டையாக இருக்கக் கூடாது. நன்றாகச் சாய்ந்திருந்தால்தான் துளி தகட்டோடு ஒட்டி வழிந்து காடிக்கு வரும். தட்டையாக இருந்தால் நடுவிலிருந்தே அண்டாவுக்குள் சொட்டும். உங்கள் கான்கிரீட் தளம் செய்த வேலையைத் தகடு செய்யத் தொடங்கிவிடும்.


கடத்தூர் ஆலைக்கொட்டகை எழுதியது:

எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாக வெல்லம் காய்ச்சுகிறது. கருப்பஞ்சாற்றில் பெரும்பகுதி நீர்தான். அவ்வளவையும் ஒரே கொப்பரையில் ஆவியாக்குகிறோம், ஆனால் எங்கள் கொட்டகையில் இதுநாள் வரை ஒரு விசிறியும் சுற்றியதில்லை. சுவர் இடுப்பளவுதான், கூரை உயரமானது, முகட்டின் கீழ் இரு பக்கமும் திறந்திருக்கும், சூடான ஆவி தானாக மேலேறிப் போய்விடும். தங்கை அறைக்குள் அடைந்துகொண்டு விசிறிக்கும் தகட்டுக்கும் செலவு செய்வதைவிட, புறக்கடையிலேயே நான்கு கால் நட்டுத் தகரக் கூரை போட்டு, சுற்றிலும் கொசுவலை அடித்துவிட்டால் ஈயும் வராது, ஆவியும் நிற்காது. அடைத்த கான்கிரீட் அறையில் ஆவி காய்ச்சுவது, கிணற்றுக்குள் இறங்கி நின்றுகொண்டு நீர் இறைப்பது போன்றது என்று எனக்குத் தோன்றுகிறது.


ஓசூர்ப் பட்டறை எழுதியது:

கடத்தூர் ஐயா சொல்வது கொட்டகைக்கு முற்றிலும் பொருந்தும். ஆனால், உங்கள் கொட்டகையில் ஆவியை மேலே தூக்குவது ஆவியின் சூடு மட்டும் அன்று. கொப்பரையின் கீழ் எரியும் சக்கையின் பெருநெருப்பும் சேர்ந்தே அங்கிருக்கும் காற்றையெல்லாம் சூடாக்கித் தூக்குகிறது. இண்டக்ஷன் அடுப்பில் அந்த உபரி வெப்பம் கிடையாது. வெப்பத்தில் பெரும்பகுதி பாத்திரத்துக்குள்ளேயே போய்விடுவதால், ஆவியைத் தவிர வேறு சூடான காற்று எழுவதில்லை. ஆகவே, மின் அடுப்பின்மேல் வெறும் புகைபோக்கியை மட்டும் நம்பினால், காற்று எதிர்த்து அடிக்கும் நாளில் ஆவி திரும்பி இறங்கும். கொசுவலை அடித்த கொட்டகை நல்ல யோசனைதான் என்றாலும், மழைச்சாரலில் மின் அடுப்பை வைத்துக்கொண்டு வேலை செய்வதை நான் பரிந்துரைக்கத் துணியமாட்டேன்.

குழாயைப் பற்றிச் சொல்ல விட்டுவிட்டேன். 800 கன மீட்டருக்கு 8 அங்குலக் குழாய் வேண்டும். அதில் காற்று நொடிக்கு 7 மீட்டர் வேகத்தில் போகும். 6 அங்குலத்தில் அதே அளவைத் திணித்தால் வேகம் நொடிக்கு 12 மீட்டரைத் தாண்டி, இரைச்சலும் எதிர்ப்பும் கூடிவிடும். சன்னலில் நேராகப் பொருத்தும் தட்டை விசிறிகள் குழாயின் எதிர்ப்பைத் தாங்க மாட்டா; பெட்டியில் அச்சிட்ட அளவு குழாய் எதுவும் இல்லாதபோது கிடைக்கும் அளவு. ஆகையால், குழாயோடு இணைக்கும் வகையைச் சேர்ந்த, அழுத்தம் தரக்கூடிய விசிறியைக் கேட்டு வாங்குங்கள். குழாய் நேராகச் சுவர் வழியே வெளியேறட்டும்; ஒவ்வொரு வளைவும் சில மீட்டர் குழாய்க்குச் சமமான எதிர்ப்பைத் தரும். மீட்டருக்கு 2 சென்டிமீட்டர் வீதம் வெளிப்பக்கம் சரிந்திருந்தால், உள்ளே படியும் நீர் விசிறிக்குத் திரும்பாமல் வெளியே சொட்டும். சுருங்கி விரியும் அலுமினியத் தாள் குழாயைத் தவிர்த்துவிடுங்கள். அதன் ஒவ்வொரு மடிப்பிலும் நீர் தேங்கி, சில மாதங்களில் நாற்றம் எடுக்கும்.

தோட்டக்காரர்கள் வீட்டில் பாசனத்துக்கு வாங்கிய பி.வி.சி. குழாய் கிடக்கும், அதைப் பயன்படுத்தலாமா என்று அடுத்ததாகக் கேட்பீர்கள். விசிறி ஓடும்வரை கலவைக் காற்று 40 பாகையைத் தாண்டாது என்பதால் குழாய் தாங்கும். விசிறி நின்று, அடுப்பு மட்டும் எரிந்தால், நேர் ஆவி ஏறி அது மெழுகுபோல் வளைந்துவிடும். எவர்சில்வர் அல்லது கனத்த அலுமினியமே மேல். கால்வனைஸ் தகடு நாளடைவில் துருப்பிடித்துச் செந்நீர் சொட்டும்.


பென்னாகரம் மின்பணி எழுதியது:

மின்சாரத்தைப் பற்றி யாரும் பேசாததால் எழுதுகிறேன். சகோதரியின் அடுப்புகள் இரண்டும் சேர்ந்து 230 வோல்ட்டில் 26 ஆம்பியர் இழுக்கும். பழைய தானிய அறைக்குப் போட்டிருந்த விளக்குக் கம்பியில் இதை ஓட்டிக்கொண்டிருந்தால், முதலில் அதை நிறுத்துங்கள். ஒவ்வோர் அடுப்புக்கும் மின் பலகையிலிருந்து தனித்தனியாக 4 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியும், மின்னோட்டம் அளவு மீறினால் துண்டிக்கும் 16 ஆம்பியர் எம்.சி.பி.யும் வைத்து, அவற்றுக்கு முன்னால் 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. ஒன்றைப் பொருத்த வேண்டும். ஈரச் சுவரும் வெறுங்காலும் எவர்சில்வர் அண்டாவும் சேர்ந்த இடத்தில் எம்.சி.பி. மட்டும் உயிரைக் காக்காது. கம்பி பழுதடையாமல் பார்த்துக்கொள்வதுதான் அதன் வேலை.

பலரும் கவனிக்காத ஒன்றையும் சொல்கிறேன். இண்டக்ஷன் அடுப்பின் அடியில் ஒரு சிறு விசிறி இருக்கிறது. அது அறைக் காற்றை உறிஞ்சி உள்ளிருக்கும் மின்சுற்றுப் பலகையின்மேல் ஊதிக் குளிர்விக்கிறது. அறைக் காற்று ஈரம் நிறைந்ததாக இருந்தால், காய்ச்சி முடித்து அடுப்பு ஆறும்போது அப்பலகையின்மேலேயே பனிபோல் நீர் படியும். என்னிடம் பழுதுக்கு வந்த சில அடுப்புகளைத் திறந்தபோது, உள்ளே பச்சையாகக் களிம்பு ஏறியிருந்ததைப் பார்த்திருக்கிறேன். ஆகவே, ஆவியை வெளியேற்றுவது சுவருக்காக மட்டும் அன்று, அடுப்புக்காகவும்தான். அடுப்பை மேடையில் நேராக வைக்காமல், இரண்டு அங்குலம் உயர்த்தி, அடியில் காற்று வரும் பக்கம் கூண்டுக்கு வெளியே இருக்கும்படி திருப்பி வையுங்கள். காய்ச்சி இறக்கியபின் விசிறியை உடனே நிறுத்தாமல் அரை மணி நேரம் ஓடவிடுங்கள். சுவரும் காயும், அடுப்பின் வயிறும் காயும்.

வெளியேற்று விசிறியின் சுவிட்ச் அந்த அறைக்கு வெளியே இருப்பது நல்லது. விசிறி ஓடினால் மட்டுமே அடுப்புக்கு மின்சாரம் போகும்படி ஒரு கான்டாக்டர் (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) வைத்துவிட்டால், பி.வி.சி. குழாய் வளையும் கவலையும் பெரும்பாலும் தீரும்.


மாரண்டஅள்ளித் தோட்டம் எழுதியது:

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. ஊதுவத்தியை ஏற்றிப் பார்த்தேன். ஓசூர் ஐயா சொன்னதுபோலவே, புகை கதவிலிருந்து நேராகச் சன்னலுக்குப் போயிற்று, அண்டாவின் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. இரண்டு அடுப்புகளும் ஒரே கம்பியில்தான் ஓடின என்பதையும் ஒப்புக்கொள்கிறேன், அதை நிறுத்திவிட்டேன்.

கதவைத் திறந்து வைத்தால் சமையலறைப் பக்கமிருந்து தூசியும் பூனையும் வருகின்றன. கதவை மூடிவிட்டு விசிறியை ஓட்டினால் போதுமா? இன்னொன்று, இந்த அறைக்கு அடுத்தாற்போல் குளியலறை. அங்கே விறகு எரிக்கும் செப்புப் பாய்லர் ஒன்று இருக்கிறது. இரு அறைக்கும் நடுச்சுவரில் மேலே ஒரு சாளரம் உண்டு. அதையே காற்று வரும் வழியாக வைத்துக்கொள்ளலாம் என்று என் கணவர் சொல்கிறார்.


ஓசூர்ப் பட்டறை எழுதியது:

அம்மா, அந்தச் சாளரத்தை இன்றைக்கே செங்கல் வைத்துப் பூசிவிடுங்கள். இது அழகுக்காகச் சொல்வது அன்று. மணிக்கு 800 கன மீட்டரை வெளியே தள்ளும் விசிறி, அதே அளவை எங்கிருந்தாவது உள்ளே இழுத்தே தீரும். கதவு மூடியிருந்து, குளியலறைச் சாளரம் மட்டும் திறந்திருந்தால், பாய்லரின் புகைக்குழாய் வழியாகவே வெளிக்காற்று தலைகீழாக இறங்கி, நெருப்பின் புகையையும் கரியமில வாயுவையும் அவற்றைவிடக் கொடிய கார்பன் மோனாக்சைடையும் குளியலறைக்குள் கொண்டுவந்துவிடும். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. குளித்துக்கொண்டிருப்பவருக்கு மயக்கம் வந்தபிறகுதான் தெரியும். குளியலறையில் கேஸ் கீசர் வைத்திருப்பவர்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். சாளரத்தை அடைத்தபின்னும், கூழ் காய்ச்சும் நேரத்தில் பாய்லரை ஏற்றாமல் இருப்பதே நல்லது.

காற்று வரும் வழியைக் கூண்டுக்கு எதிர்ச்சுவரில், தரையிலிருந்து ஓர் அடி உயரத்தில் அமையுங்கள். 800 கன மீட்டர் காற்று நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் மெதுவாக நுழைய, ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி திறப்பு வேண்டும். வலை அடித்தால் அதன் கண்ணிகள் பாதி இடத்தை அடைத்துக்கொள்ளும் என்பதால், இரண்டு அடிக்கு இரண்டு அடியாகவே விடுங்கள். தோட்டத்துப் பக்கம் திறந்தால் தூசி குறையும். வலையை வாரம் ஒருமுறை கழற்றிக் கழுவ வேண்டும். இல்லாவிட்டால் ஒரு மாதத்தில் அது சுவர்போல் ஆகிவிடும். இப்போது சன்னலில் உள்ள விசிறியின் துளையை அடைத்துவிடுங்கள். திறந்திருந்தால் கூண்டுக்கு வரவேண்டிய காற்று அங்கிருந்து குறுக்கு வழியில் நுழையும்.


காவேரிப்பட்டணம் மாங்கூழ் எழுதியது:

மாம்பழக் கூழ் ஆலையில் பல பருவங்கள் வேலை பார்த்தவன். ஆவியை எப்படி வெளியேற்றுவது என்று எல்லோரும் நன்றாகவே விளக்கிவிட்டார்கள். ஆனால், அவ்வளவு ஆவியை ஏன் உண்டாக்குகிறீர்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. கூழைச் சுண்டவைக்கும் ஆலைகளில் திறந்த அண்டாவில் கொதிக்கவிடுவது அரிது. காற்றை உறிஞ்சிய மூடிய கலனில் 60, 70 பாகையிலேயே கொதிக்கவைத்து, எழும் ஆவியைக் குளிர்நீரால் நீராக்கி வடித்துவிடுகிறார்கள். வீட்டில் அதைச் செய்ய முயல வேண்டாம்; வெற்றிடத்துக்கு என்று செய்யாத பாத்திரம் நசுங்கிவிடும்.

குளிர்நீரைத் தெளித்து ஆவியை நீராக்கும் சிறு கருவிகளை வீட்டு அண்டாவுக்கும் சிலர் வைக்கிறார்கள். மூடியில் ஒரு குழாய், அதனுள் ஒரு தெளிப்பான், அவ்வளவுதான். சுவரில் துளையிட முடியாத வாடகை வீட்டுக்காரர்களுக்கு அது நல்ல வழி. உங்கள் நிலையில் இரண்டு தடைகள் உண்டு. 27 பாகையில் உள்ள நீரை 70 பாகைவரை சூடேற்றி விடுவதாக வைத்துக்கொண்டாலும், ஒரு கிலோ ஆவிக்கு 13 லிட்டர் நீர் வேண்டும். மணிக்கு 8 கிலோவுக்கு 100 லிட்டரைத் தாண்டும். தருமபுரி மாவட்டத்தில் குடத்தை வரிசையில் வைத்தவர்களுக்கு இந்தக் கணக்கை விளக்க வேண்டியதில்லை. அந்த வெந்நீரில் புட்டி கழுவலாம் என்றாலும், அவ்வளவு புட்டி உங்களிடம் இராது. இரண்டாவது, தக்காளிக் கூழை மூடி வைத்துக் காய்ச்ச முடியாது. கெட்டியாகும்போது கிளறாவிட்டால் அடிபிடிக்கும், குமிழ் வெடித்துத் தெறிக்கும். நீர்த்த கஷாயத்துக்கும் நன்னாரிச் சாற்றுக்கும் அந்தக் கருவி ஏற்றது, கூழுக்கு அன்று.

ஆகவே, நீரைக் கொதிக்கும் முன்பே குறையுங்கள். தக்காளியில் ஏறத்தாழ 95 விழுக்காடு நீர். பழத்தைப் பச்சையாகவே நசுக்கி அரை மணி நேரம் விட்டுவிட்டால், பழத்திலுள்ள நொதிகள், சாற்றைக் கெட்டியாகப் பிடித்துவைக்கும் பெக்டின் என்னும் பொருளைச் சிதைத்துவிடும். பிறகு மிதமாகச் சூடாக்கி ஆறவைத்தால், சதை ஒரு பக்கமும் தெளிந்த நீர் ஒரு பக்கமுமாகப் பிரியும். அதை வெளுத்த வேட்டித் துணியில் கட்டித் தொங்கவிட்டால், 40 லிட்டரில் 10, 12 லிட்டர் சொட்டி வடிந்துவிடும். அடுப்புக்கு வருவது 28 லிட்டர்தான். வடித்த நீரைக் கொட்டிவிட வேண்டாம். இரசத்துக்கு அதைவிட நல்லது கிடையாது.

இதற்கு விலையும் உண்டு. கரைந்திருக்கும் இனிப்பும் புளிப்பும் கொஞ்சம் அந்த நீரோடு போய்விடுவதால், கூழின் அளவு குறையும். பெக்டின் சிதைந்ததால், புட்டியில் வைத்த கூழின்மேல் நாளடைவில் நீர் தெளிந்து நிற்கும். நசுக்கியவுடனே கொதிக்கவைத்தால் கூழ் கெட்டியாக நிற்கும், ஆனால் நீர் பிரியாது. உணவகத்துக் குழம்புக்குப் போகும் கூழுக்கு முதல் முறை போதும். சாஸ் செய்வதானால் இரண்டாம் முறையையே பின்பற்ற வேண்டும்.


கடத்தூர் ஆலைக்கொட்டகை எழுதியது:

வடிகட்டும் யோசனை எனக்குப் பிடித்திருக்கிறது. கருப்பஞ்சாற்றில் அதைச் செய்ய வழியில்லாமல் போனதே என்று பொறாமையாகவும் இருக்கிறது. நான் சொன்ன கொட்டகையைத் தங்கை மறந்துவிட வேண்டாம். பழத்தை நசுக்கவும் துணியில் தொங்கவிடவும் அது உதவும். அடுப்பு மட்டும் உள்ளே இருக்கட்டும்.


மாரண்டஅள்ளித் தோட்டம் எழுதியது:

இரண்டு மாதம் கழித்து எழுதுகிறேன், தாமதத்துக்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். குளியலறைச் சாளரத்தை அன்று மாலையே அடைத்துவிட்டோம். பிறகு பாலக்கோட்டில் ஒரு வெல்டிங் பட்டறையில் கூண்டு செய்யக் கொடுத்தேன். சாய்வாகச் செய்யச் சொல்லியிருந்தும், தட்டையாகச் செய்து வைத்துவிட்டு, தகடு மிச்சமாயிற்று என்று மகிழ்ச்சியோடு காட்டினார்கள். ஓசூர் ஐயா எழுதியதைத் தொலைபேசியில் படித்துக் காட்டி, திரும்பச் செய்யவைத்தேன். விளிம்புக் காடியும் இரு பக்கத் தகடும் 8 அங்குல எவர்சில்வர் குழாயும் பொருத்தியாகிவிட்டது. குழாய் இரண்டு மீட்டர்தான், வளைவே இல்லை. பென்னாகரம் அண்ணன் சொன்னபடி தனிக்கம்பியும் ஆர்.சி.சி.பி.யும் கான்டாக்டரும் வைத்தாயிற்று. அடுப்புகளின் கீழே செங்கல் வைத்து உயர்த்தியிருக்கிறேன்.

பாதி நீரையாவது முன்பே வடித்துவிட வேண்டும் என்ற ஆசையில், முதல் தடவை இரவு முழுவதும் தொங்கவிட்டேன். காலையில் அது புளித்து நுரைத்திருந்தது. அதன்பின் இரண்டு மணி நேரத்துக்கு மேல் விடுவதில்லை. அப்படியும் 11 லிட்டர் வடிகிறது. முன்பு ஒரு சுற்றுக்கு 22 யூனிட் வந்த மின்சாரம் இப்போது 15 யூனிட்டுக்குள் அடங்குகிறது. நான்கு மணி நேர வேலை இரண்டரை மணி நேரத்தில் முடிகிறது. கூழ் 15 லிட்டருக்குப் பதில் 12 லிட்டர்தான் கிடைக்கிறது. ஓர் உணவகத்துக்காரர் புளிப்புக் குறைந்திருக்கிறதே என்று கேட்டார். மற்றவர்கள் ஒன்றும் சொல்லவில்லை.

ஆவியைப் பொறுத்தவரை, வெயில் நாளில் கூண்டின் வாளி ஏறக்குறைய வறண்டே இருக்கிறது. சென்ற வாரம் இரண்டு நாள் விடாமல் தூறியபோது ஒரு சுற்றுக்கு முக்கால் லிட்டர் நீர் வாளியில் சேர்ந்தது. வெளிக்குழாயின் நுனியிலும் சொட்டிக்கொண்டே இருந்தது. தளத்தில் மட்டும் ஒரு துளியும் இல்லை. சுவரைச் சுரண்டிப் புதிதாகச் சுண்ணாம்பு அடித்திருக்கிறேன்.

ஒரே ஒரு ஐயம் மிச்சமிருக்கிறது. விசிறியின் இறக்கைகளில் மெல்லிய செம்படலம் பிடித்திருக்கிறது, தொட்டால் பிசுபிசுக்கிறது. இது துருவா?


ஓசூர்ப் பட்டறை எழுதியது:

துரு அன்று, அம்மா. கூழ் தெறிக்கும்போது எழும் நுண்துளிகள் காற்றோடு போய் இறக்கையில் காய்ந்த படலம் அது. மாதம் ஒருமுறை மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, வெந்நீரில் நனைத்த துணியால் துடைத்தால் போய்விடும். ஓர் இறக்கையில் கனமாகவும் இன்னொன்றில் மெல்லியதாகவும் படிந்தால் விசிறி நடுங்கி, தாங்குருளை (பேரிங்) தேய்ந்துவிடும். ஆகவே, எல்லா இறக்கைகளையும் ஒரே நாளில் துடையுங்கள். கூழ் கெட்டியாகும் கடைசி அரை மணி நேரத்தில் அடுப்பின் வேகத்தைப் பாதியாகக் குறைத்தால், தெறிப்பதும் குறையும், படலமும் குறையும்.